பின்னறைக்கு விலக்கு

ஜூன் 4, செவ்வாய்

இன்று முதல் இவ்வீட்டில் பினாயில், ஆசிட், வாசனை கலந்த தரைத் திரவம் ஆகியவை வாங்கப்படுவதில்லை. தேவையானவற்றை நானே தயாரித்துக்கொள்வேன். இம்முடிவு பின்னறைக்குப் பொருந்தாது.

காரணத்தைப் பதிவு செய்வது முறை. நேற்று முன்தினம் ஞாயிறன்று என் மகள் மங்கையர்க்கரசியும் மருமகன் பால்வண்ணனும் தூத்துக்குடியிலிருந்து வந்திருந்தனர். மங்கைக்கு இது நான்காம் மாதம். வாசல் தாண்டிக் கூடத்தில் காலை வைத்தவள், வாயைப் பொத்திக்கொண்டு திரும்பி ஓடி முருங்கை மரத்தடியில் வாந்தியெடுத்தாள். அதன்பின் உள்ளே வரவில்லை. காரிலேயே உட்கார்ந்திருந்தாள். நான் காலையில் வைத்த தேங்காய்ப்பால் சொதியை எடுத்துக்கொண்டு கார் ஜன்னலருகே போய் நின்றேன்.

"கோவிச்சுக்கிடாதீங்கப்பா. இந்த வீட்டு வாசன எனக்கு ஒத்துக்கிடல" என்றாள்.

நேற்று அவள் மாமியார் செண்பகம் தொலைபேசியில் அழைத்தார். நல்லவர், எதையும் சுற்றி வளைத்துச் சொல்லும் பழக்கம் இல்லாதவர்.

"அண்ணாச்சி, தலப்பிரசவம் பொறந்த வீட்டுலதான்னு எனக்கும் தெரியும். ஆனா அங்க பொம்பள தொண இல்ல, பிள்ளைக்கு வாசனையும் ஒத்துக்கிட மாட்டேங்கு. பேசாம இங்கயே வச்சுப் பாத்துக்கிடுதோமே?"

வளைகாப்பு வரை அவகாசம் கேட்டேன். தரப்பட்டது.

மங்கை எனக்கு ஒரே மகள். அவள் தாய் பிரமநாயகி காலமாகி இரண்டாண்டுகள் ஆகின்றன. தலைப்பிரசவத்துக்குப் பெண் தாய்வீடு வருவது வழக்கம். தாய் இல்லை என்பதால் வீடும் இல்லை என்று ஆகிவிடாது. வக்கீலான என் மனுவின் சாரம் இவ்வளவே. எனக்கு இதில் தோல்வி பயம் சிறிதும் இல்லை.

ஜூன் 6, வியாழன்

நாட்டு மருந்துக் கடையில் பூந்திக்கொட்டை வாங்கி, விதை நீக்கி, இரவு முழுவதும் ஊறவைத்திருந்தேன். காலையில் கொதிக்கவைத்தேன். அது பொங்கும் என்பதை எந்தக் குறிப்பும் போதிய அழுத்தத்துடன் சொல்லவில்லை. நுரை பாத்திரத்தைத் தாண்டி, அடுப்பைத் தாண்டி, மேடையிலிருந்து தரைக்கு இறங்கியது. துடைத்து முடித்தபோது, சமையலறையிலேயே மிகச் சுத்தமான பகுதி அடுப்பைச் சுற்றிய பகுதிதான் என்பது தெரியவந்தது. இதைச் சோதனையின் வெற்றியாகக் கொள்கிறேன்.

ஆறியதும் கசக்கி, பழைய வேட்டித் துணியில் வடிகட்டினேன். தேநீர் நிறம். வாசனை அநேகமாக இல்லை. நாலைந்து நாளுக்கு மேல் கெடாமல் இருக்காது என்பதால் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து, குடிக்கத்தக்கதல்ல என்று எழுதி ஒட்டினேன். இவ்வீட்டில் படிப்பதற்கு வேறு எவரும் இல்லை. ஆனாலும் எச்சரிக்கை எச்சரிக்கைதான்.

ஜூன் 9, ஞாயிறு

எலுமிச்சைத் தோல், வெல்லம், தண்ணீர் மூன்றையும் புளிக்கவைத்தால் தரைக்கும் கழிவறைக்கும் உகந்த திரவம் கிடைக்கும். தோல் மூன்று பங்கு, வெல்லம் ஒரு பங்கு, தண்ணீர் பத்துப் பங்கு. பக்குவப்பட மூன்று மாதம். வளைகாப்புக்குச் சரியாக வரும்.

தோலுக்காக நீதிமன்றத்துக்கு எதிரே உள்ள சர்பத் கடைக்குப் போனேன். கடைக்காரர் பூலோகபாண்டிக்கு என்னைப் பல வருடங்களாகத் தெரியும்.

"பிழிஞ்ச தோலா? எதுக்கு சார்? வக்கீல் ஆபீசுல ஊறுகா போடப் போறீங்களா?"

"தரை துடைக்க."

"கேஸ் வாரதில்லங்கது எனக்குத் தெரியும். அதுக்காக இப்படி இறங்கணுமா சார்?"

ஒரு வாளி நிறையக் கொடுத்தார். காசு வாங்கவில்லை.

வாயகன்ற பிளாஸ்டிக் ஜாடிகள் மூன்றில் போட்டேன். வெயில் படாத, ஆள் நடமாட்டம் இல்லாத இடத்தில் வைக்க வேண்டும் என்பது விதி. பின்னறை இரு நிபந்தனைகளையும் நிறைவு செய்கிறது. உள்ளே வாயு சேரும் என்பதால் தினமும் ஒருமுறை மூடியைத் திறந்து மூட வேண்டுமாம். அதிலும் சிரமம் இல்லை. தினமும் காலையில் அந்த அறைக்கு நான் எப்படியும் போகிறேன்.

ஜூன் 12, புதன்

சமையல் சோடாவையும் வினிகரையும் கலந்தேன். பிரமாதமாக நுரைத்தது. குளியலறைத் தரையில் ஊற்றித் தேய்த்தேன். தரை ஈரமானது, வேறொன்றும் நிகழவில்லை. ஒன்றின் பலத்தை மற்றொன்று தீர்த்துவிட்டு இரண்டும் தண்ணீராகிவிடுகின்றன. என்னிடம் வந்த பல பாகப்பிரிவினை வழக்குகள் நினைவுக்கு வந்தன. இனி தனித்தனியாகவே பயன்படுத்துவேன்.

ஜூன் 17, திங்கள்

முன்கூடம், சமையலறை, மாடிப்படி, குளியலறை நான்கும் இப்போது முழுமையாக என் திரவத்தின் ஆட்சியில் உள்ளன. பித்தளைக்குப் புளி. கண்ணாடிக்குத் தண்ணீர் கலந்த வினிகர். பாத்திரத்துக்குப் பூந்திக்கொட்டை. திருப்தியாக இருக்கிறது.

பின்னறையை மட்டும் வழக்கம்போல் பினாயிலிட்டுத் துடைக்கிறேன். அவ்வறையைத் தினமும் காலையில் அவ்வாறு துடைக்க வேண்டும், ஜன்னலைச் சாத்தியே வைக்க வேண்டும் என்று மருத்துவமனையிலிருந்து வந்த செவிலியர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். அந்த அறிவுறுத்தல் இன்றுவரை எவராலும் திரும்பப் பெறப்படவில்லை.

ஜூன் 25, செவ்வாய்

ஜாடிகளில் வெள்ளை ஆடை. நல்ல அறிகுறி.

ஜூலை 7, ஞாயிறு

செண்பகம் மதினி முன்னறிவிப்புடன் வந்தார். பால்வண்ணன் அழைத்து வந்தார். மங்கை வரவில்லை.

வந்தவர் உட்காரவில்லை. கூடத்துத் தரையில் விரலைத் தேய்த்து முகர்ந்தார். சமையலறையில் குளிர்சாதனப் பெட்டியைத் திறந்தார். நான் ஒட்டியிருந்த சீட்டை வாய்விட்டுப் படித்தார்: "இத்திரவம் பூந்திக்கொட்டையிலிருந்து வீட்டு உபயோகத்துக்காக மட்டும் தயாரிக்கப்பட்டது. கிருமிகளை அழிக்கும் என எவ்வித உறுதியும் அளிக்கப்படவில்லை. கண்ணில் படாதவாறும், குழந்தைகளுக்கு எட்டாதவாறும், நேரடி வெயில் படாதவாறும்..."

நிறுத்தினார். "அண்ணாச்சி, இதப் படிச்சு முடிக்கதுக்குள்ள தரை தன்னால காஞ்சிரும்."

பால்வண்ணன் சிரிப்பை அடக்கச் சுவர் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"வீடு சுத்தமாத்தான் இருக்கு. பொய் சொல்லக் கூடாது. ஆனா ஆஸ்பத்திரி வாசன இன்னும் அடிக்கே" என்றார் மதினி.

முன்னறைகளில் பினாயில் நிறுத்தப்பட்டு ஒரு மாதத்துக்கு மேலாகிறது என்றேன்.

"அப்ப எங்கேருந்து வருது?"

பின்னறைக் கதவு சாத்தியிருந்தது. அவர் அதைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். கேள்வியை மாற்றிக்கொண்டார்.

"அது போகட்டும். இதுகள்ல என்னத்தப் போட்டிருக்கீங்கன்னு எனக்கு எப்படித் தெரியும்? வயித்துப்பிள்ளக்காரி நடமாடுத இடம். நாளைக்குக் குழந்த தவழும்."

நியாயமான ஆட்சேபம். சரக்கு தூய்மையானது என்று தயாரித்தவனே சொல்வது சான்றாகாது. ஆகவே அவர் கண்ணெதிரில் புதிதாக நான்கு கண்ணாடிப் பாட்டில்களில் எலுமிச்சைத் தோல், வெல்லம், தண்ணீர் இட்டேன். கழுத்து வரை நிரப்பி, தக்கை இறுக்கி, நூல் சுற்றி, அரக்கு உருக்கி ஊற்றி, என் அலுவலக முத்திரையைப் பதித்தேன். எதிர்வீட்டுப் பேராசிரியர் எபனேசர் வேதியியலில் முனைவர். பக்குவமானதும் அவர் முன்னிலையில் முத்திரை உடைக்கப்பட்டுச் சோதிக்கப்படும். பாட்டிலின் மேல் ஒட்டிய சீட்டில் மதினி சாட்சியாகக் கையொப்பமிட்டார்.

"நாலு பாட்டிலுக்கு நாலு கையெழுத்தா? என் கல்யாணத்துக்குக்கூட நான் இத்தன போடலயே!"

போகும்போது முகம் மலர்ந்திருந்தது. பாட்டில்களைப் பின்னறை அலமாரியின் மேல்தட்டில் வைத்தேன்.

ஜூலை 9, செவ்வாய்

ஜாடிகளுக்குச் சொல்லப்பட்ட விதி பாட்டில்களுக்கும் பொருந்துமா என்று யோசித்தேன். தினமும் திறப்பதானால் முத்திரையை உடைக்க வேண்டும். முத்திரை உடைந்த சான்றுப்பொருளுக்கு எந்த மன்றத்திலும் மதிப்பில்லை. திறப்பதில்லை என முடிவு செய்தேன்.

ஜூலை 11, வியாழன்

முத்திரைகள் நான்கும் பழுதின்றி உள்ளன.

ஜூலை 13, சனி

துடைக்கும்போது அலமாரிப் பக்கம் மெல்லிய சீறல் ஒலி. பல்லியாக இருக்கலாம்.

ஜூலை 14, ஞாயிறு

பல்லி அன்று.

காலை காபியுடன் கூடத்தில் உட்கார்ந்து செய்தித்தாள் விரித்த நேரத்தில் பின்னறையிலிருந்து முதல் வெடிச்சத்தம். எழுவதற்குள் இரண்டாவது. கதவருகே போய்ச் சேர்ந்தபோது மூன்றாவதும் நான்காவதும் ஏறக்குறைய ஒன்றாக.

கதவைத் திறந்தேன். கண்ணாடிச் சில் எங்கும். சுவரில், திரையில், கொசுவலையில், கட்டிலில், மெத்தையில் வெல்லப் பாகும் எலுமிச்சைத் தோலும். ஒரு தோல் மின்விசிறி இறகில் தொங்கிக்கொண்டிருந்தது. என் முத்திரை பதித்த அரக்கு ஒன்று தலையணையின் நடுவில் முழுசாகக் கிடந்தது.

எபனேசர் லுங்கியுடன் ஓடிவந்தார்.

"என்ன ஓய் வக்கீலே! சிலிண்டரா?"

விவரம் சொன்னேன். நான் எடுத்துக் கொடுத்த அரக்கைக் கையில் வாங்கிப் பார்த்தார். பிறகு கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு சிரிக்கத் தொடங்கினார். கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார்.

"புளிக்கிற சாமான அரக்கு வச்சுப் பூட்டுன ஒரே ஆளு இந்தத் திருநவேலி ஜில்லாவுலயே நீர்தான் ஓய்! கள்ளுப்பானைக்கு யாராவது சீல் வைப்பாங்களா?"

"சான்று கெடாமல் இருக்க..."

"சான்று சுவரெல்லாம் இருக்கு, பாரும்!"

சிரிப்பு அடங்கியதும் உள்ளே வந்தார். இந்த இரண்டாண்டுகளில் அவர் இவ்வறைக்குள் வருவது இதுவே முதல் முறை. சுழற்றினால் தலைப்பக்கம் உயரும் மருத்துவமனைக் கட்டில், அதன் பக்கத்தில் மருந்துச் சிறுமேசை, கால்மாட்டில் மடித்த போர்வை. எல்லாவற்றையும் பார்த்தார்.

"இந்தக் கட்டில இன்னுமா வச்சிருக்கீரு?"

நல்ல நிலையில் இருக்கிறது என்றேன்.

"பினாயில் நெடி தலையச் சுத்துது. ஆளில்லாத ரூம்ல யாருக்காக ஓய் தெனமும் கிருமி அடிக்கீரு?"

கேட்பவருக்கே விடை தெரிந்த கேள்விக்குப் பதிலளிக்க வேண்டிய கட்டாயம் இல்லை. விளக்குமாற்றை எடுத்து வந்தேன்.

மதியத்துக்குள் எறும்புகள் வந்துவிட்டன. ஜன்னல் சட்டத்தின் இடுக்கிலிருந்து சுவர் வழியே இறங்கி மெத்தை வரை ஒரே வரிசை. பாகு பஞ்சுக்குள் ஊறிவிட்டது. மெத்தையை இனிக் காப்பாற்ற முடியாது என்பது எபனேசரின் கருத்து. மேல்முறையீட்டுக்கு இடமில்லை. இருவருமாகத் தூக்கிக் கொல்லையில் போட்டோம். தூக்கும்போது அது எவ்வளவு கனம் குறைந்தது என்பதைக் கவனித்தேன்.

ஜூலை 15, திங்கள்

பிசுபிசுப்புக்குப் பினாயில் உதவாது. பூந்திக்கொட்டை நீரைக் கொதிக்கக் கொதிக்க ஊற்றித் தேய்த்தேன். மூன்று முறை. நான்காவது முறை வெறும் தண்ணீர்.

எனவே இன்று காலை பின்னறையில் பினாயில் பயன்படுத்தப்படவில்லை. முதல் நாள்.

ஜூலை 16, செவ்வாய்

எறும்பு வரும் வழியை அடைக்க ஜன்னலைத் திறக்க வேண்டியிருந்தது. கொக்கி துருவேறி இறுகியிருந்தது. தேங்காயெண்ணெய் விட்டுக் காத்திருந்து தட்டினேன், திறந்துகொண்டது. அடுத்த வீட்டு வேப்பமரம் இவ்வளவு வளர்ந்திருப்பதை நான் அறிந்திருக்கவில்லை.

திரைச்சீலை, கொசுவலை, போர்வை மூன்றையும் பூந்திக்கொட்டை நீரில் ஊறவைத்து அலசினேன். முதல் அலசலில் இறங்கிய நீரின் வாசனையை எபனேசர் தெருவிலிருந்தே அடையாளம் சொன்னார். வாசனை தரையில் மட்டும் இல்லை, துணியில்தான் குடியிருந்தது என்கிறார். நான்கு நாள் வெயிலில் போட உத்தரவு.

ஜூலை 19, வெள்ளி

கட்டில், வீட்டிலிருந்தபடியே சிகிச்சை பெறுவோருக்கு இத்தகையவற்றை இரவல் தரும் ஓர் இலவச மருத்துவ மையத்துக்குப் போனது. வேனில் ஏற்றும் முன் சுழற்றும் கைப்பிடிக்கு எண்ணெயிட்டுக் கொடுத்தேன். இடமாகச் சுற்றினால் ஏறும், வலமாகச் சுற்றினால் இறங்கும், பாதியில் ஒருமுறை சிக்கும், அப்போது அவசரப்படாமல் சற்றுப் பின்வாங்கிச் சுற்ற வேண்டும் என்று வந்தவர்களிடம் விளக்கினேன். சிக்கும்போது படுத்திருப்பவருக்கு வலிக்கும் என்பதையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்கள்.

மிச்சமிருந்த அரைப் பாட்டில் பினாயிலைத் தன் மாட்டுக்கொட்டகைக்கு எபனேசர் கேட்டார். கொடுப்பதற்கு முன் மூடியைத் திறந்தேன். மூடினேன். கொடுத்தேன்.

பின்னறைக்கு அளிக்கப்பட்டிருந்த விலக்கு இன்று முதல் நீக்கப்படுகிறது.

ஜூலை 28, ஞாயிறு

செண்பகம் மதினி அழைத்தார். "அண்ணாச்சி, நான் சாட்சிக் கையெழுத்து போட்ட பாட்டில் எப்படி இருக்கு?"

சான்றுப்பொருள்கள் தம் சொந்த விசையால் அழிந்துவிட்டன என்று தெரிவித்தேன்.

"அப்படின்னா?"

"வெடித்துவிட்டன, மதினி."

அவர் சிரித்த சிரிப்பில் தொலைபேசியைக் காதிலிருந்து எடுத்துப் பிடிக்க வேண்டியதாயிற்று. "ஏ மங்க, இங்க வா, உங்க அப்பா குண்டு போட்டிருக்காவோ!" என்பது கேட்டது. கருவி கைமாறியது.

"அப்பா, உங்களுக்கு ஒண்ணும் ஆகலயே?"

"இல்லம்மா. நான் கூடத்தில் இருந்தேன்."

"பாட்டில எங்க வச்சிருந்தீங்க?"

"பின்னறையில்."

பின்புறம் மதினி இன்னும் சிரித்துக்கொண்டிருந்தார்.

"அம்மா கட்டில் மேலயா விழுந்துச்சு?"

"ஆமாம். மெத்தை வீணாயிற்று. கட்டிலைக் கொடுத்துவிட்டேன். ஜன்னலைத் திறந்து வைத்திருக்கிறேன்."

பிறகு தன் மாமியாருக்குக் கேட்காத குரலில், "வளகாப்பு முடிஞ்சதும் ஒரு நாள் வந்து பாக்கேம்ப்பா" என்றாள்.

நிபந்தனைகள் அப்போதே பேசி முடிக்கப்பட்டன. ஒரு பகல் மட்டும். பெட்டிகள் காரிலேயே இருக்கும். விளக்கு வைக்கும் நேரத்துக்குள் குமட்டல் வந்தால் அன்றே தூத்துக்குடி திரும்பிவிடுவாள், பிரசவமும் அங்கேயே. வராவிட்டால் இங்கே. இரு தரப்பும் ஒப்புக்கொண்டோம்.

ஆகஸ்ட் 18, ஞாயிறு

முதல் ஜாடி தயார் என்று எபனேசர் அறிவித்தார். மூன்று மாதம் ஆகவில்லையே என்றேன். "தரையத் துடைக்கதுக்குப் போதும் ஓய். நீர் என்ன தீர்ப்பா எழுதப் போறீரு?" வடிகட்டினேன். ஒரு மூடி ஒரு வாளித் தண்ணீருக்கு. தரை காய்ந்த பிறகு குனிந்து முகர்ந்தேன். ஈரச் சிமெண்டின் வாசனை மட்டும். வேறெதுவும் இல்லை.

நீண்ட நேரம் குனிந்தே இருந்திருக்கிறேன். முதுகு பிடித்துக்கொண்டது.

ஆகஸ்ட் 30, வெள்ளி

தூத்துக்குடியில் வளைகாப்பு இனிதே நடந்தது. தாய்வீட்டுச் சார்பில் எபனேசரின் மனைவி ரூபி முதல் வளையலைப் போட்டார். எலுமிச்சை சாதத்துக்கு மட்டும் அளவுக்கு மீறிப் பழம் வாங்கிவிட்டேன் என்று மதினி கண்டித்தார். தோல் முழுவதையும் நான் எடுத்துவந்துவிட்டேன்.

"நீங்க ஜெயிச்சா, பத்தியம் வைக்க நான் அங்க வந்து இருந்துக்கிடுவேன், தெரிஞ்சுதா?" என்றும் சொன்னார். பெண்துணை குறித்த ஆட்சேபம் இத்துடன் கைவிடப்பட்டதாகக் கருதுகிறேன்.

செப்டம்பர் 1, ஞாயிறு

காலையில் வந்தார்கள். பெட்டிகள் காரின் பின்பகுதியில் இருப்பதைப் பால்வண்ணன் எனக்குக் காட்டினார்.

மங்கை வாசற்படியில் நின்றாள். கண்ணை மூடி மூச்சை இழுத்தாள். நான் என் மூச்சைப் பற்றி அப்போது யோசிக்கவில்லை.

"என்னப்பா, ஒரு வாசனையும் இல்ல?"

"அதுதான் நோக்கம்."

உள்ளே வந்தாள். கூடம், சமையலறை. சீட்டுகளைப் படித்துச் சிரித்தாள். சொதியும் இஞ்சித் துவையலும் சாப்பிட்டாள்; சொதியை இரண்டாம் முறை கேட்டு வாங்கினாள். பால்வண்ணன் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நானும்.

சாப்பிட்டு எழுந்து, யாரிடமும் சொல்லாமல், பின்னறைக்குப் போனாள்.

கட்டில் இருந்த இடம் வெறுமையாக இருந்தது. தரையில் நான்கு கால்களின் தடம் மட்டும் சற்று வெளுப்பாகத் தெரிந்தது. எவ்வளவு தேய்த்தும் அது போகவில்லை. ஜன்னலில் வேப்பங்கிளை. மங்கை சுவரில் சாய்ந்து மெல்லத் தரையில் உட்கார்ந்தாள். கையை விரித்துத் தரையில் வைத்தாள். பிறகு அழத் தொடங்கினாள். சத்தமாகவே அழுதாள்.

பால்வண்ணன் பதறிப்போனார். "மாமா, கெளம்பிருவமா? வேண்டாம் மாமா, பிள்ளத்தாச்சி, இப்படி அழுதா..."

பதில் சொல்லும் முன் யோசித்தேன். பேசிய நிபந்தனை குமட்டலைப் பற்றியது. அழுகை அதில் எங்கும் குறிப்பிடப்படவில்லை. அதை அவரிடம் தெரிவித்தேன்.

மங்கைக்கு அழுகைக்கு நடுவே சிரிப்பு வந்துவிட்டது. "அவங்களை விடுங்கப்பா. பாவம்" என்றாள். அவர் தண்ணீர் எடுக்கப் போனார்.

நானும் தரையில் உட்கார்ந்தேன். அவ்வறையில் நான் உட்கார்ந்து வெகு காலம் ஆகிறது, துடைப்பவன் உட்காருவதில்லை.

"அன்னைக்கு வாந்தி வந்தது மசக்கையால இல்லப்பா" என்றாள்.

"தெரியும்."

எப்போதிருந்து தெரியும் என்று அவள் கேட்கவில்லை. என் தோளில் தலையைச் சாய்த்துக்கொண்டாள். அழுததில் முகம் சிவந்திருந்தது, மூச்சு சீராகிக்கொண்டிருந்தது. சிறிது நேரத்தில் அப்படியே தூங்கிவிட்டாள். பால்வண்ணன் தண்ணீருடன் வந்து வாசலில் நின்றார். பேச வேண்டாம் என்று கை காட்டினேன்.

விளக்கு வைக்கும் நேரத்தில் விழித்தாள். "பசிக்குப்பா" என்பதுதான் முதல் வார்த்தை. பிறகு கணவனைப் பார்த்து, "இன்னும் ஏன் நிக்கீங்க? பெட்டிய எடுத்துட்டு வாங்க. இந்த ரூம்லயே வையுங்க" என்றாள்.

மூன்று பெட்டிகள். மூன்றையும் நானே உள்ளே கொண்டுவந்தேன். பால்வண்ணன் எவ்வளவு கேட்டும் கொடுக்கவில்லை.

செப்டம்பர் 2, திங்கள்

மங்கைக்குக் கட்டில் வாங்கக் கடைக்குப் போகிறோம். அவளும் வருகிறாள். நான் மட்டும் போய்த் தேர்ந்தெடுத்தால் கோர்ட் பெஞ்சைத்தான் வாங்கி வருவேனாம். மறுக்கவில்லை. அவசரம், கடை திறக்கும் நேரம் ஆகிவிட்டது.